நெட் ஜீரோ கட்டடங்களின் தரவு: ஐந்து வழிகள், எது யாருக்கு?

"உலகம் முழுக்க உள்ள நெட் ஜீரோ கட்டடங்களின் விவரம் ஒரே கோப்பாக எங்கே கிடைக்கும்?" கட்டடக்கலை படிப்பவர்கள், எனர்ஜி ஆடிட் செய்பவர்கள், பசுமைக் கட்டடங்களைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்து கேட்கும் கேள்வி இது. அப்படி ஒரு கோப்பு இல்லை. ஐந்து வகையான இடங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. தேடிப் பிடிப்பதுகூட அவ்வளவு கஷ்டமில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடிப்படை எளிது. ஓராண்டில் தான் செலவழிக்கும் அளவுக்காவது ஆற்றலைப் புதுப்பிக்கத்தக்க வழியில் உண்டாக்கிக்கொள்ளும் கட்டடம் நெட் ஜீரோ. ஆனால் எதையெல்லாம் செலவில் சேர்ப்பது, எங்கே உற்பத்தியானதை வரவில் வைப்பது என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. டோக்கியோவில் ஜீரோ என்று பதிவான கட்டடத்தையும் சியாட்டிலில் ஜீரோ என்று பதிவான கட்டடத்தையும் ஒரே எக்செல்லில் போட்டுச் சராசரி எடுத்தால், வரும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

கீழே உள்ள எல்லாவற்றுக்கும் அடியில் என் கருத்து ஒன்று இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பட்டியலிலிருந்து கட்டடத்தின் பெயரை எடுங்கள், எண்ணை மீட்டரிலிருந்து எடுங்கள்.

## முதலில் அளவுகோல்கள்

அளந்த எண்ணா, கணக்கிட்ட எண்ணா? இதுதான் தலையாய கேள்வி. வடிவமைக்கும்போது கணினியில் ஓட்டிப் பார்த்து வந்த எண்ணும், ஆட்கள் குடியேறி ஓராண்டு ஓடிய பிறகு மீட்டர் காட்டிய எண்ணும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஏசி நினைத்ததைவிடக் குளிராக வைக்கப்படும், ஒரு சர்வர் அறை புதிதாக முளைக்கும், பேனலில் தூசி படியும். வடிவமைப்பு எண்ணை வைத்துக் கட்டடத்தை எடைபோடுவது, கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துக் குடித்தனம் எப்படி நடக்கிறது என்று சொல்வது மாதிரி. குறைந்தது தொடர்ச்சியான 12 மாத மீட்டர் கணக்கு இல்லாவிட்டால், உங்கள் அட்டவணையில் அந்த வரிக்குப் பக்கத்தில் 'கணிப்பு' என்று எழுதிவையுங்கள்.

அளந்த எண்ணிலும் கதை உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் கோல்டனில், அப்போது தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் என்ற பெயரில் இருந்த என்ஆர்இஎல் 2010இல் திறந்த ஆய்வு உதவிக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆற்றல் இலக்கு ஓர் ஆவணத்தில் சதுர அடிக்கு ஆண்டுக்கு 25 ஆயிரம் பிடியூ (அமெரிக்காவில் ஆற்றலை அளக்கும் அலகு), இன்னொன்றில் 35 ஆயிரம். இரண்டும் சரிதான். திட்டமிட்டதைவிட நெருக்கமாக ஆட்கள் உட்கார்ந்ததற்கும், வளாகம் முழுவதற்குமான டேட்டா சென்டர் இந்தக் கட்டடத்துக்குள் வந்ததற்கும் ஈடாக இலக்கைத் திருத்தினார்கள். இந்தப் பின்னணி தெரியாமல் ஒரு எண்ணை மட்டும் எடுத்துப் போடுகிறவர் பெரிய வித்தியாசத்தைத் தொலைத்துவிடுகிறார்.

எதை எண்ணினார்கள்? ஜப்பானில் ஜெப் (ஜீரோ எனர்ஜி பில்டிங்) என்று சொல்லப்படும் முறையில் ஏசி, காற்றோட்டம், விளக்கு, சுடுநீர், லிப்ட் ஆகியவைதான் கணக்கு. மேசை மேல் உள்ள கணினி, பிரிண்டர் போன்றவை கணக்கில் வராது. பிரான்சின் 2012 விதிமுறையும் ஐந்து பயன்பாடுகளை மட்டுமே எண்ணியது. நார்வேயின் டிரான்ட்ஹைமில் 2019இல் திறக்கப்பட்ட பவர்ஹவுஸ் பிராட்டோர்காயா என்ற அலுவலகக் கட்டடம் நேர்மாறு: கட்டுமானப் பொருட்களைத் தயாரிக்கச் செலவான ஆற்றலையும் தன் ஆயுளுக்குள் ஈடுகட்டுவதாகக் கணக்குப் போடுகிறது. நம் ஊரில் நழுவிப்போவது வேறு இரண்டு: ஜெனரேட்டர் டீசல், கேன்டீன் சிலிண்டர். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் சுமார் 180 யூனிட். மின்கட்டண ரசீதை மட்டும் பார்த்தால் இரண்டுமே கண்ணில் படாது.

எந்த ஜீரோ? 2006இல் என்ஆர்இஎல் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரையில் நான்கு விதமான ஜீரோவைப் பிரித்துக் காட்டினார்கள்: கட்டட வாசலில் அளந்த ஆற்றலில் ஜீரோ, மின்நிலையத்தில் எரிந்த மூல ஆற்றலில் ஜீரோ, கட்டணத்தில் ஜீரோ, கரியமில வெளியேற்றத்தில் ஜீரோ. அமெரிக்க எரிசக்தித் துறை 2015இல் வெளியிட்ட பொது வரையறை மூல ஆற்றலை எடுத்துக்கொண்டது. வாசலில் அளந்த யூனிட்டை மூல ஆற்றலாக மாற்ற ஒரு பெருக்கல் எண் உண்டு. அதில் கிரிட், அதாவது பொது மின்கட்டமைப்பு, தரும் மின்சாரத்தின் பெருக்கல் எண் 3.15, இயற்கை எரிவாயுவினுடையது 1.09. ஒரு கட்டடம் கேஸில் 289 யூனிட் எரித்துவிட்டு, ஆண்டுக் கணக்கில் 100 யூனிட் மின்சாரம் மட்டும் உபரியாக கிரிட்டுக்கு அனுப்பினாலும் இந்தக் கணக்கில் ஜீரோ ஆகிவிடும். வாசலில் அளந்தால் ஆகாது. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: மின்சாரம் மட்டுமே பயன்படுத்தும் கட்டடத்தில் வரவு செலவு இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்குகிறோம், ஆகவே இரண்டு கணக்கிலும் அது ஜீரோதான். நாடுகளைக் கலந்து ஒப்பிட வேண்டிய கட்டாயம் இருந்தால், மின்சாரம் மட்டும் ஓடும் கட்டடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதித் தலைவலி போய்விடும்.

அலகும் பரப்பும். சதுர அடிக்கு ஆயிரம் பிடியூ என்ற அமெரிக்க அலகைச் சதுர மீட்டருக்கு யூனிட் என்று மாற்ற 3.15ஆல் பெருக்க வேண்டும். மேலே சொன்ன பெருக்கல் எண்ணும் 3.15! தற்செயல் ஒற்றுமைதான். ஆனால் ஒரு முறை பெருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முறையும், இரண்டு முறை பெருக்க வேண்டிய இடத்தில் ஒரு முறையும் பெருக்கிவிட்டுத் தெரியாமலே போக இது போதும். பரப்பைப் பற்றி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்பெட் ஏரியா, பில்ட்-அப் ஏரியா, சூப்பர் பில்ட்-அப் ஏரியா என்று பிளாட் வாங்கும்போது பட்டதே போதும். உலகெங்கும் அதே கூத்துதான். அடித்தளக் கார் நிறுத்தத்தைச் சேர்த்தால் சதுர மீட்டருக்கான எண் பார்க்க அழகாகக் குறைந்துவிடும்.

தரவுக்கு என்ன வயது? தெற்கு லண்டனின் பெட்ஜெட் குடியிருப்பு 2002இல் பெரும் பெயரோடு வந்தது. அங்கே மரச்சில்லு எரித்து மின்சாரமும் வெப்பமும் தரவேண்டிய நிலையம் சரியாக ஓடாமல் சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. ஆனால் திறப்பு விழாக் காலத்தில் எழுதப்பட்ட விவரங்கள் இன்னும் அப்படியே பட்டியலுக்குப் பட்டியல் நகலாகிக்கொண்டிருக்கின்றன.

இவற்றோடு உங்கள் நேரமும், தரவை மறுபடி வெளியிட அனுமதி உண்டா என்பதும் சேர்த்தி. சரி, இனி வழிகள்.

## வழி 1: ஆயத்தப் பட்டியல்கள்

யாரோ ஏற்கெனவே தொகுத்து வைத்திருப்பவை. மூன்றைச் சொல்லலாம். முதலாவது, சர்வதேச எரிசக்தி முகமையின் கீழ் 2008 முதல் 2013 வரை நடந்த டாஸ்க் 40 என்ற கூட்டாய்வு. அதையொட்டி ஜெர்மனியின் உப்பர்டால் பல்கலைக்கழகத்தினர் சில நூறு கட்டடங்களை உலக வரைபடத்தில் குறித்தார்கள். அடுத்து, அமெரிக்காவின் நியூ பில்டிங்ஸ் இன்ஸ்டிட்யூட் நடத்தும் பட்டியல். அமெரிக்கா, கனடா கட்டடங்களுக்கு. மூன்றாவது, இந்தியக் கட்டடங்களுக்கென்று உள்ள என்இசட்இபி (நெட் ஜீரோ எனர்ஜி பில்டிங் என்பதன் சுருக்கம்) தளம். டெல்லியின் இந்திரா பர்யாவரண் பவன் போன்றவை அதில் விவரமாக இருக்கின்றன.

இந்த வழியின் பலம் வேகம். ஒரு மாலைப் பொழுதில் ஐம்பது கட்டடங்களின் பெயர், ஊர், ஆண்டு, கட்டடக்கலைஞர், கையாண்ட உத்திகள் எல்லாம் கைக்கு வந்துவிடும். பலவீனம், எண்களின் தரம். நியூ பில்டிங்ஸ் இன்ஸ்டிட்யூட் இதில் நேர்மையானது. 12 மாதம் அளந்து ஜீரோவை எட்டியதைக் காட்டியவற்றைத் தனியாகவும், ஜீரோவை இலக்காக அறிவித்து இன்னும் நிரூபிக்காதவற்றை 'எமர்ஜிங்' என்று தனியாகவும் வைக்கிறது. 2018இல் பட்டியல் 500ஐ நெருங்கியபோது அதில் மிகப் பெரும்பகுதி இரண்டாவது வகை. இந்த ஒரு விவரத்தை விட்டுவிட்டு "வட அமெரிக்காவில் 500 நெட் ஜீரோ கட்டடங்கள்" என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

'உலகின் தலைசிறந்த பத்து நெட் ஜீரோ கட்டடங்கள்' வகைக் கட்டுரைகளை நான் பட்டியலாகவே கணக்கில் எடுப்பதில்லை. சீனாவின் குவாங்ஜோவில் உள்ள பேர்ல் ரிவர் டவர் அவற்றில் தலைகாட்டும். நெட் ஜீரோவை நோக்கித்தான் அதை வடிவமைத்தார்கள். ஆனால் உபரி மின்சாரத்தை கிரிட்டுக்கு விற்க அனுமதி கிடைக்காததால், கட்டடத்துக்குள்ளேயே மின்சாரம் உண்டாக்க நினைத்த மைக்ரோ டர்பைன்கள் திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டன. சிறந்த கட்டடம்தான், நெட் ஜீரோ அல்ல.

மறைந்திருக்கும் செலவு சரிபார்க்கும் நேரம். அதற்கு ஒரு கைக்கணக்கு உதவும். இந்தியாவில் 1 கிலோவாட் சோலார் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 முதல் 1,500 யூனிட் தரும். இந்திரா பர்யாவரண் பவனில் 930 கிலோவாட் பேனல். பெருக்கினால் 13 முதல் 14 லட்சம் யூனிட். வெளியான விவரங்களிலும் ஆண்டு உற்பத்தி சுமார் 14 லட்சம் என்றுதான் இருக்கிறது. பொருந்துகிறது. ஆனால் இதில் தெரிவது பேனலின் திறன் மட்டுமே; 2014இல் திறந்த கட்டடம் இன்றைக்கும் அந்த அளவுக்குள் செலவழிக்கிறதா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது.

எப்போது இது சரியான தேர்வு: கட்டட உத்திகளை ஒப்பிடும்போது, கள ஆய்வுக்குக் கட்டடம் தேர்ந்தெடுக்கும்போது, வகுப்புக் கட்டுரைக்கு. சராசரி, போக்கு என்று புள்ளியியல் பேச அல்ல.

## வழி 2: சான்றிதழ் பதிவேடுகள்

சான்றிதழ் தரும் அமைப்பு ஆவணங்களைப் பார்த்துத்தான் தருகிறது. அதனால் பட்டியலைவிட ஒரு படி மேல். ஆனால் எந்தச் சான்றிதழ் என்பதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு.

அளந்ததை வைத்துத் தருபவை ஒரு பக்கம். இன்டர்நேஷனல் லிவிங் பியூச்சர் இன்ஸ்டிட்யூட்டின் ஜீரோ எனர்ஜி சான்றிதழுக்குத் தொடர்ந்து 12 மாதம் ஓடிக் காட்ட வேண்டும். கட்டடத்தில் எதையும் எரிக்கக் கூடாது. சியாட்டிலின் புல்லிட் சென்டர் இதே அமைப்பின் லிவிங் பில்டிங் முறையில் சான்று பெற்றது: ஆறு மாடி அலுவலகம், 2013 ஏப்ரலில் திறப்பு, 242 கிலோவாட் சோலார். வடிவமைப்பில் போட்ட கணக்கைவிட முதல் ஆண்டுகளில் குறைவாகவே செலவழித்தது. இப்படிப்பட்ட எண்ணை எடுக்கும்போது அந்த ஆண்டில் கட்டடம் எவ்வளவு நிரம்பியிருந்தது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. லீட் என்ற அமெரிக்கப் பசுமைக் கட்டடச் சான்றிதழில் 2018இல் வந்த லீட் ஜீரோ எனர்ஜியும் 12 மாத மூல ஆற்றல் கணக்கைக் கேட்கிறது.

கணக்கிட்டதை வைத்துத் தருபவை இன்னொரு பக்கம். ஜப்பானின் ஜெப் பெரும்பாலும் வடிவமைப்பு நிலைக் கணக்கு. அதிலேயே தரங்கள் உண்டு: ஆற்றலை முழுதும் ஈடுகட்டினால் ஜெப், 75 சதவீதம் குறைத்தால் நியர்லி ஜெப், சோலாரைச் சேர்க்காமல் 50 சதவீதம் குறைத்தால் ஜெப் ரெடி. தென் கொரியாவின் ஜீரோ எனர்ஜி சான்றிதழில், 2017இல் வந்தபோது ஐந்து நிலைகள். ஆற்றல் தன்னிறைவு 20 சதவீதம் இருந்தாலே ஐந்தாம் நிலை கிடைத்துவிடும்; 100 சதவீதத்தைத் தொட்டால்தான் முதல் நிலை. கொரியாவில் சான்றிதழ் பெற்றவற்றை எண்ணி "இத்தனை நெட் ஜீரோ" என்று எழுதினால், தன் தேவையில் ஐந்தில் ஒரு பங்கை உண்டாக்கும் கட்டடமும் உள்ளே வந்துவிடும்.

ஐரோப்பாவில் தேடுகிறவர்களுக்கு இன்னொரு பொறி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010 நெறிமுறை 2020 இறுதியிலிருந்து புதிய கட்டடங்கள் எல்லாம் 'கிட்டத்தட்ட ஜீரோ'வாக இருக்க வேண்டும் என்றது. அதற்கும் சுருக்கெழுத்து என்இசட்இபிதான். கிட்டத்தட்ட என்பது எவ்வளவு என்பதை அந்தந்த நாடே முடிவு செய்தது. அந்தச் சுருக்கெழுத்தைப் போட்டுத் தேடினால் இரண்டு உலகமும் கலந்து வந்து விழும்.

இந்தியாவில் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ தரும் ஷூன்யா லேபிள் நிகர எண்ணைப் பார்க்கிறது: சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 10 யூனிட்டுக்குள் இருந்தால் ஷூன்யா, ஜீரோவுக்குக் கீழே போனால் ஷூன்யா பிளஸ். இந்தியப் பசுமைக் கட்டட கவுன்சிலான ஐஜிபிசி அமைப்பும் 2018 முதல் நெட் ஜீரோ எனர்ஜி தரச்சான்று தருகிறது.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. பதிவேடு பெரும்பாலும் 'ஜெயித்தது' என்று மட்டும் சொல்லும். மாதவாரி எண்ணைத் தராது. இரண்டாவது, ஜெயித்தவர் மட்டுமே உள்ளே இருப்பார். முயன்று எட்டாமல் போன கட்டடம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஏன் தோற்றது என்பதிலிருந்துதான் அதிகம் கற்கலாம் என்பதால் எனக்கு இது பெரிய குறையாகத் தெரிகிறது. சான்றிதழுக்கு ஆகும் செலவைக் கட்ட விருப்பமில்லாமல் அமைதியாக ஜீரோவில் ஓடும் கட்டடமும் இதில் சேராது.

எப்போது சரி: ஒரே வரையறைக்குள் நின்று ஒப்பிட வேண்டுமென்றால். ஒரு சான்றிதழைத் தேர்ந்தெடுத்து அதைவிட்டு நகராமல் இருங்கள்.

## வழி 3: அரசுகள் வெளியிடும் நுகர்வுக் கணக்கு

நியூயார்க் நகரம் 2009இல் இயற்றிய உள்ளூர்ச் சட்டம் 84, பெரிய கட்டடங்கள் ஆண்டுதோறும் தங்கள் ஆற்றல் நுகர்வைத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. கட்டடம் கட்டடமாக அது பொதுவில் கிடைக்கிறது. சிங்கப்பூரில் கட்டட, கட்டுமான ஆணையம் 2013 முதல் கட்டாயமாக இந்தக் கணக்கை வாங்குகிறது. வணிகக் கட்டடங்களின் எண்களைப் பெயரோடு வெளியிடுகிறது. பிரிட்டனின் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் மக்கள் வந்துபோகும் பொதுக் கட்டடங்கள், மீட்டர் கணக்கில் போட்ட சான்றைச் சுவரில் மாட்டியே ஆக வேண்டும்.

அளந்த எண், ஆண்டுக்காண்டு புதுப்பிப்பு, இலவசம். மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது இங்கே மட்டும்தான். பிரச்சினை என்னவென்றால் எந்தக் கட்டடமும் இதில் "நான் நெட் ஜீரோ" என்று கையைத் தூக்காது. எண் குறைந்த கட்டடங்களை வடிகட்டினால் முதலில் வருவது பாதி காலியாகக் கிடக்கும் கட்டடங்கள், அப்புறம் பரப்பைத் தப்பாக உள்ளிட்டவை. ஆட்கள் தாங்களே நிரப்பும் படிவம் என்பதால், புள்ளி இடம் மாறி நூறு மடங்கு ஆன எண்களும் இருக்கும். சோலார் உற்பத்தியைத் தனியாக நிரப்பாத கட்டடத்தில், கிரிட்டிலிருந்து வந்தது மட்டும் மொத்த நுகர்வாகத் தெரியும்.

அதனால் இதைத் தனியாகப் பயன்படுத்துவதில் பொருளில்லை. வழி 1, 2இல் பெயரை எடுத்து, அந்தக் கட்டடம் நின்ற ஊரில் இப்படி ஒரு வெளியீடு இருந்தால் அதில் போய் ஐந்தாறு ஆண்டுகளின் எண்ணை எடுங்கள். சான்றிதழ் வாங்கிய ஆண்டில் மட்டும் ஜீரோவாக இருந்ததா, தொடர்ந்து இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இந்தியக் கட்டடங்களுக்கு மேலே சொன்ன மூன்று அரசு வெளியீடுகளில் எதுவும் உதவாது.

## வழி 4: மணிவாரி ஆய்வுத் தரவு

இது குறுகிய தேவைக்கு மட்டும். பில்டிங் டேட்டா ஜீனோம் 2 என்ற தொகுப்பில் 1,636 கட்டடங்களின் 3,053 மீட்டர்களிலிருந்து 2016, 2017 ஆண்டுகளின் மணிவாரி அளவீடு இருக்கிறது. சில இடங்களில் சோலார் மீட்டரும் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் முன்முயற்சி. கட்டடங்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ளவை, உண்மைப் பெயர் இல்லை. வளாகங்களுக்குப் பாந்தர், பாக்ஸ், பியர் என்று விலங்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். நெட் ஜீரோ என்ற குறிப்பு கிடையாது. சோலார் உற்பத்தியும் நுகர்வும் எந்த மணியில் பொருந்துகின்றன, மாலை ஏழு மணிக்கு என்ன ஆகிறது என்று கணினி மாதிரி எழுதிப் பழகுகிறவருக்கு இது தங்கம். மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

## வழி 5: நேரே கேட்டு வாங்குவது

கடினமான வழி இதுதான். மிகச் சுத்தமான தரவும் இதில்தான். பத்துக் கட்டடத்துக்கு ஒழுங்காக வாங்கினால் போதும். ஐந்நூறு வரிப் பட்டியலைவிட அதை நான் நம்புவேன்.

யாரிடம் கேட்பது என்பதில் பாதி வெற்றி இருக்கிறது. விளம்பரப் பிரிவுக்கு எழுதினால் பளபளக்கும் கையேடு வரும். கட்டடப் பராமரிப்பு மேலாளரிடமோ எலக்ட்ரிகல் சூப்பர்வைசரிடமோ பேசுங்கள். மின்கட்டண ரசீதும் சோலார் இன்வெர்ட்டர் கணக்கும் அவரிடம்தான் இருக்கும். "உங்கள் கட்டடம் நெட் ஜீரோவா?" என்று கேட்காதீர்கள், ஆம் என்றுதான் சொல்வார். ஐந்து எண்களைக் கேளுங்கள்: கிரிட்டிலிருந்து வாங்கியது, கிரிட்டுக்கு அனுப்பியது, சோலார் மொத்த உற்பத்தி, டீசல் லிட்டர், கேஸ் கிலோ.

ஏன் மூன்று மின்சார எண்கள்? ஒரு உதாரணம். 2,000 சதுர மீட்டர் அலுவலகம், மாடியில் 100 கிலோவாட் சோலார். ஆண்டு உற்பத்தி 1,45,000 யூனிட். கிரிட்டிலிருந்து வாங்கியது 60,000, அனுப்பியது 40,000. நெட் மீட்டர் கணக்கில் தெரிவது 20,000 மட்டுமே. சதுர மீட்டருக்கு 10 யூனிட், பார்க்க அற்புதமான கட்டடம். உண்மையில் அது செலவழித்தது 60,000 + 1,45,000 − 40,000, அதாவது 1,65,000 யூனிட். சதுர மீட்டருக்கு 82.5. இரண்டு எண்ணும் தேவை: முதலாவது ஜீரோவுக்கு எவ்வளவு பக்கத்தில் என்று சொல்லும், இரண்டாவது கட்டடம் சிக்கனமானதா அல்லது ஏராளமாகப் பேனலைப் போட்டுச் சமாளித்ததா என்று சொல்லும். பேனலை மாடியில் போட்டிருக்கிறார்களா, கார் நிறுத்தத்தின் மேலா, அல்லது தூரத்தில் எங்கோ சோலார் பூங்காவில் வாங்கியதா என்பதையும் இதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டில் வீடுகளிடம் கேட்பதானால், ரசீது இரண்டு மாதத்துக்கு ஒன்று. ஆறு ரசீது ஓராண்டு ஆகும் என்றாலும் அளவு எடுத்த தேதிகள் நகர்ந்திருக்கும். முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணி 365க்குச் சரிசெய்யுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கே அதிகம். பதில் தருகிறவர்கள் பெரும்பாலும் நன்றாக ஓடும் கட்டடக்காரர்கள். 2008இல் நியூ பில்டிங்ஸ் இன்ஸ்டிட்யூட் லீட் சான்று பெற்ற கட்டடங்களின் ஓராண்டு ஆற்றல் கணக்கை ஆராய்ந்தபோது, 552 கட்டடங்களில் 121இன் தரவுதான் கிடைத்தது. மீதி ஐந்தில் நான்கு பங்கு எப்படி ஓடியது என்ற கேள்வி அந்த ஆய்வை இன்றுவரை விடவில்லை. பேசி வைத்துச் செய்யும் அமைப்புக்கே அப்படி என்றால் தனி ஆளுக்கு எப்படி இருக்கும்? அதற்கு மேல் மொழி. ஜப்பான், கொரியா என்றால் அங்கே ஆள் வேண்டும். பெயரை வெளியிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கினால், அந்தத் தரவை இன்னொருவர் சரிபார்க்கவே முடியாது; கொடுப்பதற்கு முன் யோசியுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஆயத்தப் பட்டியல் | சான்றிதழ் பதிவேடு | அரசு வெளியீடு | மணிவாரித் தொகுப்பு | நேரே கேட்பது |
|---|---|---|---|---|---|
| அளந்த எண் | கலப்படம் | சான்றிதழைப் பொறுத்தது | ஆம் | ஆம் | ஆம், ரசீது வாங்கினால் |
| வரையறை ஒன்றேயா | இல்லை | ஒரு சான்றிதழுக்குள் ஆம் | பொருந்தாது | பொருந்தாது | நீங்கள் வைப்பதுதான் |
| கட்டடப் பெயர் | உண்டு | பெரும்பாலும் உண்டு | நகரத்தைப் பொறுத்தது | இல்லை | வாக்கைப் பொறுத்தது |
| புதுமை | பழசாகும் | சான்று பெற்ற ஆண்டு | ஆண்டுதோறும் | 2016–17 | நீங்கள் கேட்கும் ஆண்டு |
| தோற்ற கட்டடமும் உண்டா | அரிது | இல்லை | உண்டு | உண்டு | பதில் தந்தால் |
| மறைந்த செலவு | சரிபார்ப்பு நேரம் | வரையறையைப் படிப்பது | குப்பை எண் களைவது | கணினித் திறன் | பல மாதங்கள், தொடர்புகள் |

## யாருக்கு எது

இளநிலை மாணவர், ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால்: வழி 1இல் பெயர்கள், வழி 2இல் அளந்த சான்றிதழ் உள்ளவை மட்டும். பத்துப் பன்னிரண்டு கட்டடத்தோடு நில்லுங்கள். ஐம்பது வேண்டும் என்று வழிகாட்டி கேட்டால், எண் ஒப்பீட்டைக் கைவிட்டு உத்தி ஒப்பீடாக மாற்றிக்கொள்ளலாம்.

ஆராய்ச்சி மாணவர்: வழி 2, 3 இரண்டையும் இணையுங்கள். 'சான்றிதழ் பெற்ற பிறகு ஐந்தாண்டில் என்ன ஆயிற்று' என்ற கேள்வியை அதிகம் பேர் தொடவில்லை. சிங்கப்பூர், நியூயார்க் இரண்டிலும் அதற்கு வழி இருக்கிறது.

கொள்கை எழுதுபவர், செய்தியாளர்: உலக எண்ணிக்கையைத் தேடாதீர்கள். நாடு வாரியாக, எந்த வரையறையில் என்று சொல்லி எழுதுங்கள். ஜப்பானின் எண்ணையும் அமெரிக்காவின் எண்ணையும் ஒரே பார் வரைபடத்தில் பக்கத்தில் வைக்கும் ஆசை வரும்; விட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டில் கட்டடம் வடிவமைக்கிறவர்: உங்களுக்கு டிரான்ட்ஹைமோ சியாட்டிலோ வேண்டாம். அங்கே குளிர்காலச் சூடாக்கலோடு போராடுகிறார்கள், இங்கே வெயிலும் புழுக்கமும். சிங்கப்பூரில் 2009இல் பழைய கட்டடத்தைத் திருத்தி 190 கிலோவாட் பேனலோடு திறந்த பிசிஏ (கட்டட, கட்டுமான ஆணையம்) அகாடமியின் ஜீரோ எனர்ஜி கட்டடம், 2019இல் புதிதாகக் கட்டி முடித்த தேசியப் பல்கலைக்கழகத்தின் எஸ்டிஇ4 கட்டடம், மலேசியாவின் பாங்கியில் உள்ள ஜியோ கட்டடம், ஹைதராபாத்தில் 2004இல் திறந்த சிஐஐ (இந்தியத் தொழில் கூட்டமைப்பு) சோராப்ஜி கோத்ரெஜ் மையம் ஆகிய நான்கைக் குடைந்து பாருங்கள். எஸ்டிஇ4இல் காற்றைக் கடும் குளிராக்காமல், சற்று வெதுவெதுப்பாக விட்டு, மேலே மின்விசிறியைச் சுழலவிடுகிறார்கள். ஏசி அறையில் பேன் ஓடினால் கரண்ட் வீண் என்று சண்டை போடும் வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டியது அதைத்தான். இந்த நான்குக்கும் வழி 5ஐ முயலுங்கள். ஹைதராபாத் ஓர் இரவு ரயில் தூரம்தான். போனால் மீட்டர் அறையையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.